மேற்பூச்சும் அடிமரமும்: ஜப்பானிய வாளுறை ஒன்றின் வரலாறு

இப்பொழிவு வரிசையில் எம்மை அழைத்தபோதெல்லாம் சொல்லையும் ஒலியையும் பற்றியே பேசி வந்துள்ளோம். இம்முறை ஒரு மரப்பொருளைப் பற்றிப் பேச எண்ணுகிறோம். காரணம், எம் பழைய மாணவர் ஒருவர். இன்று அவர் பேராக் மாநிலத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். சென்ற ஆண்டு ஒருநாள், செய்தித்தாளில் சுற்றிய ஒரு கோலைக் கொண்டுவந்து எம் மேசைமீது வைத்தார். முக்கால் மீட்டர் நீளம், மெல்லிய வளைவு, முழுவதும் நீலச் சாயம். அவருடைய தாத்தா தோட்டத்து வீட்டில் சன்னல் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்த கோல் அது. சாயம் பெயர்ந்த இடத்தில் உள்ளிருந்து ஒரு கறுப்பு பளபளத்தது. அதைக் கொண்டு, அது ஜப்பானிய வாளொன்றின் மரவுறை என்று அவர் அறிந்துகொண்டார். வாள் இல்லை, வெற்றுறை மட்டுமே.

நீலத்தைச் சுரண்டி, மரம் தெரியும்வரை இழைத்து, புதிதாகக் கண்ணாடிபோல் கறுப்புப் பூச்சேற்றிப் பள்ளியின் வரலாற்று மூலையில் வைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். கடையில் சாயம் நீக்கும் நீர்மமும் உப்புத்தாளும் வாங்கி, ஒரு முனையில் ஒரு சாண் அளவுக்கு வேலையைத் தொடங்கியும் விட்டார். மறுநாள் அம்முனையில் உறை இரண்டாகப் பிளந்து வாய் திறந்தது. அதன் பிறகே எம் நினைவு அவருக்கு வந்திருக்கிறது. பணிக்காலத்தில் யாம் சில மாதங்கள் ஜப்பானில் தங்கியிருந்ததும், அங்கு மொழி ஆய்வுக்குச் சென்ற இடத்தில் வாள் தொடர்பான சொற்களில் மனம் பறிகொடுத்ததும் அவர் அறிந்த செய்திகள்.

அந்தப் பிளவு பழுதினால் வந்ததில்லை. உறையைச் செய்தவர் வேண்டுமென்றே விட்டுவைத்த வழி அது. ஜப்பானிய வாளுறை 'ஹோ' என்னும் மரத்தில் செய்யப்படுவது. நம் செண்பகத்தின் இனத்தைச் சேர்ந்த மரம் அது. மென்மையானது, பிசின் குறைந்தது, எஃகுக்குத் தீங்கு செய்யாதது. உறை செய்பவர் நன்கு உலர்ந்த ஒரே பலகையை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியிலும் குறிப்பிட்ட ஒரு வாளின் வடிவுக்கேற்ப உட்குழிவு குடைவார். அலகின் பக்கங்கள் மரத்தில் உராயக்கூடாது. கைப்பிடியை ஒட்டி அலகின் அடியில் அணிவிக்கும் 'ஹபாக்கி' என்னும் உலோகப் பட்டைதான் உறையின் வாயை இறுகப் பற்றி வாளை நிறுத்தும். ஆகவே ஒரு வாளின் உறை மற்றொன்றுக்குப் பொருந்துவது அரிது.

இரு பாதிகளையும் ஒட்டுவது சோறு. வெந்த அரிசியைப் பலகைமீது வைத்து, மரத்தாலான தட்டைக் கத்தியால் தேய்த்துத் தேய்த்துப் பசையாக்குவர். வலுவான பசை அந்நாட்டில் இல்லாமலில்லை. ஆனால் காலம் செல்லச் செல்ல உறையினுள் பழைய எண்ணெயும் தூசும் சேரும்; அவை அலகைக் கீறும், துருவும் பிடிக்கச் செய்யும். அப்போது உறையைப் பிளந்து உட்புறத்தைத் தூய்மை செய்து மீண்டும் ஒட்ட வேண்டும். மரம் கிழியாமல் பசை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டுமானால் அதற்குச் சோறே ஏற்றது. எம் மாணவர் சாயம் நீக்கியைக் கழுவுவதற்காக ஊற்றிய நீர் அந்தப் பசையைத்தான் இளக்கிவிட்டது. இளமையில் கடித உறையைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். தமிழில் இரண்டுமே உறை. இரண்டுக்கும் ஒரே பசை.

ஜப்பானியர் வாளுறையைச் 'சயா' என்பர். அவரை, பயறு முதலியவற்றின் தோட்டையும் அவர்கள் சயா என்றே சொல்வர். எழுதும் குறி மட்டும் வேறு. இரு பாதிகளாய்ப் பிரியும் பயற்றங்காயையும் இரு பாதிகளாய்ப் பிரியும் உறையையும் ஒரு சொல்லால் அழைத்தது பொருத்தமே. இவ்விடத்தில் மாணவர் சிலருடைய கண்கள் ஒளிர்வதை யாம் வகுப்பறையில் பலமுறை கண்டிருக்கிறோம். தமிழில் 'சாயம்' இருக்கிறதே, மலாயில் 'சாயா' இருக்கிறதே என்பார்கள். மலாயில் 'நான்' என்று பொருள்படும் அச்சொல், துணைவன் எனப் பொருள்படும் 'சஹாய' என்ற வடசொல்லின் வழி வந்தது. ஜப்பானியச் சொல்லுக்கு அதனோடும் தொடர்பில்லை, நம் சாயத்தோடும் தொடர்பில்லை. ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவுண்டு என்று பல்லாண்டுகள் எழுதினார். யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் இணையர் அவரோடு சேர்ந்து உழைத்தனர். அவ்வுழைப்பை மதிக்கிறோம். ஆயினும் அம்முடிவைப் பெரும்பாலான மொழியியலார் ஏற்கவில்லை, யாமும் ஏற்றவரல்லோம். ஒலி ஒப்புமை மேற்பூச்சைப் போன்றது. அடியில் என்ன மரம் என்று பார்க்காமல் உறவு கொண்டாடுதல் ஆகாது.

உறவைத் தேடாமலேயே சுவைக்கத்தக்கவை அம்மொழியில் நிறைய உண்டு. உறையின் திறப்புக்குக் 'கொய்குச்சி' என்று பெயர். கெண்டை மீனின் வாய் என்பது பொருள். குறுக்காக வெட்டிய உறையின் வாயைப் பார்த்தவர்க்கு விளக்கம் தேவைப்படாது. வாளின் வளைவும் உறையின் வளைவும் பொருந்தாமை என்ற தொடர், இருவர்க்கிடையே ஒத்துப்போகாமையைக் குறிக்கும். எதிரெதிரே வருவோரின் உறைகள் மோதிக்கொள்வதைச் சொல்லும் 'சயாஅத்தே', ஒரு பெண்ணுக்காக இருவர் மோதுவதற்கு வழங்கும். பிரிந்த கணவனும் மனைவியும் மீண்டும் கூடினால் 'பழைய உறைக்குள் அடங்கிற்று' என்பர். தன் செயலால் தானே கெட்டவனைப் பற்றி 'தன் உடம்பிலிருந்து வந்த துரு' என்பர். உடம்பைக் குறிக்கும் அதே சொல் வாளின் அலகையும் குறிக்கும். ஓர் உறையில் இரு வாள் இருக்க இயலாது என்று நாமும் சொல்கிறோம். ஆனால் உறையை அவர்கள் அளவுக்கு நுணுகிப் பார்த்துத் தொடர் ஆக்கவில்லை.

இனி, மேற்பூச்சு. இங்கு ஒரு மொழிபெயர்ப்புப் பிழையைச் சுட்டியாக வேண்டும். ஜப்பானிய உறையின் பூச்சைத் தமிழில் பலர் அரக்கு என்று எழுதுகின்றனர். நம் அரக்கு ஒருவகைப் பூச்சியின் சுரப்பு. ஜப்பானியப் பூச்சோ 'உருஷி' என்னும் மரத்தின் பட்டையைக் கீறி வடிக்கும் பால். இந்தப் பெயர்க் குழப்பத்தை நாம் தொடங்கவில்லை. பூச்சி அரக்கைக் குறித்த இந்தியச் சொல் போர்ச்சுகீசியர் வாயில் 'லாக்கா' ஆயிற்று. ஐரோப்பிய மொழிகளில் பரவியது. பின்னர்க் கிழக்காசிய மரப்பாலுக்கும் அதுவே பெயராயிற்று. பூச்சியின் பெயரை மரம் சுமக்கலாயிற்று. பெயர்தானே என்று விட்டுவிட இயலவில்லை. அரக்கு எரிசாராயத்தில் கரையும், சூட்டில் உருகும். இறுகிய உருஷி எரிசாராயத்துக்கும் அசையாது, சூட்டுக்கும் உருகாது, அமிலம் பலவற்றையும் தாங்கும். எம் மாணவர் எங்கோ அரக்கு என்று படித்துவிட்டு, முதலில் எரிசாராயத்தைத்தான் துணியில் நனைத்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறார். கறுப்பு அசையவில்லை. அதனால் சினந்து உப்புத்தாளைக் கையிலெடுத்தார்.

உருஷி உலர்வதுமில்லை. உலர்தல் என்பது ஈரம் நீங்குதல். உருஷிக்கோ ஈரம் வேண்டும். காற்றில் நூற்றுக்கு எழுபது, எண்பது பங்கு ஈரப்பதமும் இளஞ்சூடும் உள்ள மரப்பேழைக்குள் வைத்தால்தான் அது இறுகும். அப்பாலிலுள்ள ஒரு நொதி காற்றிலுள்ள உயிர்வளியைக் கொண்டு அதைக் கெட்டிப்படுத்துகிறது. யோஷிதா ஹிகோரோகுரோ என்ற வேதியியலார் 1883-இல் இந்நொதியைப் பற்றி எழுதினார். இதற்குத் தமிழில் உள்ள சரியான வினை உறைதல். தயிர் உறைவதுபோல் உருஷி உறைகிறது. வாளுறைக்கும் இவ்வுறைதலுக்கும் ஒரே சொல் வாய்த்தது தற்செயலோ என்ற ஆய்வை மாணவர்க்கு விட்டுவிடுகிறோம். எம் மாணவருக்கு யாம் சொன்னது வேறு: நம் நாட்டுப் புழுக்கம் உருஷிக்கு ஏற்றதுதான், நம் வெயில்தான் அதற்கு எமன். நேர்வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் உருஷியின் பளபளப்பு மங்கி, மேற்பரப்பு பொடியாகும். சன்னலோரத்தில் பல்லாண்டு கிடந்த உறையின் கறுப்பு இன்றும் மின்னுகிறதென்றால், அதைக் காத்தது அந்த நீலச் சாயமே.

உறையாத உருஷி தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் கொப்புளமும் உண்டாகும். இதை நாம் அறியாதவரல்லோம். முந்திரிக் கொட்டையின் ஓட்டெண்ணெயும், வண்ணார் துணியில் குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டையின் சாறும் அப்படியே செய்யும். நம் காடுகளில் ரெங்காஸ் என்று மலாய்க்காரர் அஞ்சி விலகும் மரமும் அக்குடும்பமே. மாமரமும் அக்குடும்பமே, மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்த சிறுவர்கள் உருஷியை ஓரளவு அறிவார்கள். போருக்குப் பின் ஜப்பானில் உருஷிக்கு மாற்றாக முந்திரி ஓட்டெண்ணெயிலிருந்து செய்த பூச்சு வழக்கிற்கு வந்தது. அரிப்புத் தராது, எளிதில் காயும் என்பதால், இன்று உறைக்குப் புதுப்பூச்சு ஏற்றும் பலர் அதையே நாடுகின்றனர்.

நாரா நகரத்துத் தோதாய்ஜி கோயிலின் ஷோசோயின் கருவூலத்தில், 756-இல் பேரரசி கோம்யோ தம் மறைந்த கணவரின் உடைமைகளைக் காணிக்கையாக்கினார். அவற்றுள் ஒரு வாளின் உறையில், உருஷிமீது பொன்துகள் தூவிச் செய்த விலங்குருவங்கள் இன்றும் உள்ளன. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த பூச்சு. தொக்குகவா ஆட்சிக் காலத்தில் உறைப்பூச்சு தனிக்கலையாயிற்று. எதோ கோட்டைக்குள் முறைப்படி செல்லும் சாமுராய் மெருகேற்றிய கறுப்புறையையே அணிய வேண்டும். மற்ற நேரங்களில் விருப்பம்போல். ஆகவே பூச்சாளர் கைவண்ணம் பெருகியது. கல்லின் சொரசொரப்பைக் காட்டும் பூச்சு, சிப்பித் துண்டு பதித்தது, திருக்கை மீனின் தோலை ஒட்டி அதன்மேல் உருஷி பூசித் தேய்த்துப் புள்ளிகள் தெரியச் செய்தது என எத்தனையோ. அத்திருக்கைத் தோல்களுள் பல சயாமிலிருந்து கப்பலேறிச் சென்றன. வடக்கே சுகாரு நாட்டில் பல நிறங்களை அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்துப் புள்ளிக்கோலம் வரவழைக்கும் முறையும் வாளுறைக்காகவே வளர்ந்தது. 1876-இல் மெய்ஜி அரசு, படையினர், காவலர் போன்றோர் தவிர எவரும் வாள் அணியக்கூடாது என்று ஆணையிட்டது. உறை செய்வோரும் பூசுவோரும் ஒரே ஆணையில் தொழிலிழந்தனர். சுகாருப் பூச்சு இன்று தட்டிலும் பேழையிலும் உண்ணும் குச்சியிலும் வாழ்கிறது. தம் கையிலுள்ள உணவுக்குச்சி வாளுறையின் பேரப்பிள்ளை என்பது வாங்குவோர் பலர்க்குத் தெரியாது.

பூச்சே இல்லாத உறையும் உண்டு. 'ஷிராசயா', அதாவது வெள்ளுறை. வாளை நெடுங்காலம் வைத்துக் காப்பதற்கான வெறும் மரவுறை அது. எண்ணெய்க் கறையும் கைக்கறையும் படிந்து அழுக்காகத் தோன்றும். பார்த்தவுடன் உப்புத்தாளை எடுக்கத் தோன்றுவது இதைக் கண்டுதான். ஆனால் அம்மரத்தின்மேல் சில வேளைகளில் மையால் எழுதிய வரிகள் இருக்கும். வாளைச் செய்தவர் பெயர், அலகின் நீளம், யாருடைய உடைமை, தேர்ந்து சொன்னவர் பெயர், நாள் முதலியன அவற்றில் காணப்படும். ஹோன்அமி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக வாள்களைத் தேர்ந்து சொன்னவர்கள். இருபதாம் நூற்றாண்டில் ஹொன்மா ஜுன்ஜியும் சாத்தோ கன்இச்சியும் பல உறைகளில் எழுதியுள்ளனர். ஒப்பமிடப்படாத வாளொன்றின் வரலாறு முழுவதும் அந்த இரண்டு மூன்று வரிகளில் தங்கியிருக்கலாம். தூய்மை செய்கிறோம் என்று நால்வர் ஐந்து நிமிடம் தேய்த்தால் அது மரத்தூளாகிவிடும். தமிழகக் கோயில்களில் மணலைப் பீய்ச்சிச் சுவரைத் தூய்மை செய்தபோது கல்வெட்டுகள் தேய்ந்து போனதை இங்கு நினைக்காதிருக்க இயலவில்லை. அங்கும் கெடுக்க வேண்டும் என்று எவரும் தொடங்கவில்லை. பளிச்சென்று இருக்க வேண்டும் என்றுதான் தொடங்கினார்கள்.

அப்படியானால் பழைய பூச்சை நீக்கவே கூடாதா என்று எம் மாணவர் கேட்டார். நீக்குவதுண்டு. ஜப்பானியப் பூச்சாளர், நீர்மம் எதையும் ஊற்றாமல், உரிந்த பகுதியைக் கத்தியாலும் சாணைக்கல்லாலும் மெல்ல எடுப்பார்; உறுதியான அடுக்கு வந்தவுடன் நிறுத்திவிடுவார். மரம்வரை போவது வேறு வழியில்லாதபோதுதான். பிறகு மெல்லிய பச்சை உருஷியை ஊட்டுவார். பிளவு வரக்கூடிய விளிம்பில் சணல்துணியோ தாளோ ஒட்டுவார். களிமண் தூளும் உருஷியும் குழைத்த அடிப்பூச்சு, அதைத் தேய்த்தல், நடுப்பூச்சு, மீண்டும் தேய்த்தல், மேற்பூச்சு என அடுக்குகள் ஏறும். பூசும் தூரிகை பெண்களின் நீள்கூந்தலால் ஆனது. கறுப்பு நிறத்துக்குக் கரி சேர்ப்பதில்லை. உருஷியோடு இரும்பு வினைபுரிந்து பாலே கறுத்துவிடும். நம் முன்னோர் கடுக்காயோடு இரும்பைச் சேர்த்து மை செய்ததை நினைத்துக்கொள்ளலாம். கடைசியில் கரித்துண்டால் தேய்த்து, மான்கொம்புச் சாம்பலை உள்ளங்கையில் எடுத்து மெருகேற்றுவார். ஒவ்வோர் அடுக்கும் உறைவதற்குக் காத்திருக்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். ஒரு மரம் பத்தாண்டுகளுக்கு மேல் வளர்ந்த பின், ஒரு பருவம் முழுவதும் கீறினாலும் தருவது ஏறக்குறைய 200 கிராம் பால்.

இதில் காப்பாளர்க்குள் ஒரு கருத்து வேறுபாடும் உண்டு. மேலைநாட்டு அருங்காட்சியகத்தார், பின்னர் நீக்கக்கூடிய பொருளைக் கொண்டே பழுதுபார்க்க வேண்டும் என்பர். ஜப்பானிய மரபினர், உருஷிப் பொருளை உருஷியால்தான் காக்க வேண்டும் என்பர். விரிசலில் மெல்லிய உருஷியை ஊட்டி இறுக்குவர். ஊட்டியதை மீட்டெடுக்க இயலாது. யாம் இரண்டாவது தரப்பாரின் கைத்திறனை வியக்கிறோம். ஆயினும் அத்திறன் இல்லாத நம்மனோர்க்கு முதல் தரப்பாரின் அச்சமே நல்லது என்று எண்ணுகிறோம். பதிப்பாசிரியர்கள் சுவடியில் பிழையெனப் பட்டதைத் திருத்தினாலும் மூலப்பாடத்தை அடிக்குறிப்பில் வைப்பார்கள். உப்புத்தாளுக்கு அடிக்குறிப்பு கிடையாது.

எம் மாணவரின் உறைக்கு வருவோம். ஜப்பானியத் தரைப்படை 1930-களில் வரையறுத்த அதிகாரி வாள்களுக்கு உலோக உறையே விதிக்கப்பட்டது. குலவாளைப் போருக்குக் கொண்டுவந்தவர்கள் சிலர், பழைய மரவுறையின்மேல் தோலுறை மாட்டிப் பயன்படுத்தினர். இவ்வுறையின் வாய்ப்பக்கம், நீலச் சாயத்தின் அடியில், கறுப்பின்மேல் தோல் துணுக்குகள் ஒட்டியிருந்ததைக் கண்டோம். ஆகவே இது ஒரு குடும்பத்தின் பழம்பொருளாகத் தொடங்கி, போர்க்காலத்தில் மலாயாவுக்கு வந்திருக்க வேண்டும். 1945 செப்டம்பர் 12-இல் சிங்கப்பூர் நகராட்சிக் கட்டடத்தில் சரணடைவு ஒப்பமாயிற்று. வாள்கள் வென்றவர் கைக்குச் சென்றன. பல, கடல் கடந்து நினைவுப்பொருள்களாயின. ஓர் உறை மட்டும் வாளைப் பிரிந்து ஒரு தோட்டத்துச் சன்னலுக்கு வந்து சேர்ந்தது.

சாயம் ஏன் பூசப்பட்டது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள் என்றோம். எண்பதைக் கடந்த அத்தை ஒருவர் இருக்கிறார். எம் மாணவர் அவரிடம் கேட்டு, விடையைத் தொலைபேசியில் பதிந்து அனுப்பினார். "கறுப்பாப் பளபளன்னு இருந்தா எங்கம்மா அந்தப் பக்கமே வர மாட்டாங்க தம்பி. மாமாவ சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போனாங்க, திரும்பல. அப்பாதான் சன்னலுக்கு அடிச்ச சாயத்துல மிச்சத்த இதுக்கும் அடிச்சாரு. அதுக்கப்புறம்தான் அம்மா சன்னலத் தொறந்தாங்க." சயாம்-பர்மா இரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். பெயர்ப்பட்டியலில் ஏறாதவர் பலர். அந்த மாமாவின் பெயர் எங்கேனும் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடியவரையில் காணவில்லை. அவர் திரும்பாததற்கு இக்குடும்பத்தில் எஞ்சிய அடையாளம், ஒரு கோலின்மேல் பூசிய நீலச் சாயம்.

எம் மாணவர் உப்புத்தாளைத் திருப்பி வைத்துவிட்டார். பிளந்த முனையை மட்டும் ஒட்டினோம். பச்சரிசியைக் குழைய வடித்து, பலகையில் வைத்து வெண்ணெய்போல் ஆகும்வரை தேய்த்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரு பாதிகளையும் சேர்த்து நூலால் இறுகச் சுற்றி நான்கு நாள் நிழலில் வைத்தோம். நீலத்தைத் தொடவில்லை. அவர் சுரண்டிய ஒரு சாண் பகுதியையும் அப்படியே விட்டோம். அங்கு நீலம், கறுப்பு, அடிப்பூச்சு, மரம் என நான்கும் படிப்படியாகத் தெரிகின்றன.

வரலாற்று மூலையில் வைக்கும்போது அட்டையில் என்ன எழுதுவது என்று கேட்டார். முட்டுக்கோல் என்பதை முதலிலும் வாளுறை என்பதை அடுத்தும் எழுதச் சொன்னோம். பள்ளித் திறப்பு நாளன்று அத்தையும் வந்து பார்த்தாராம். அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இந்தப் பக்கத்தச் சொரண்டுனது யாரு?" என்று கேட்டாராம்.